சுவரையும் சேர்த்து

அண்ணன் வயிற்றில் இருந்த வீக்கத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு சிறுநீரகக் கல். முதுகு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். கல் கடுகளவு, தானே வெளியேறிவிட்டது. ஆனால் அதே ஸ்கேனில், இதயத்திலிருந்து இறங்கி வயிற்றுக்குள் போகிற பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் மட்டும் உப்பி நின்றது தெரிந்தது. ஐம்பது மில்லிமீட்டர். எல்லோருக்கும் இருபது இருக்கும். ஐம்பத்தைந்தைத் தொட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். அதற்கு முன்பே வெடித்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

என் பிழைப்பே அதுதான். எலிகளுக்கு அந்த வீக்கத்தை வரவைத்து, ஸ்கேனில் அளந்து, ஏன் வருகிறது, எதனால் நிற்கும் என்று பார்க்கிற லேபில் வேலை. சில நாள் காலையில் கூண்டைத் திறந்தால், நேற்றுவரை துள்ளிக்கொண்டிருந்த எலி மூலையில் சுருண்டு கிடக்கும். வயிற்றைத் திறந்தால் உள்ளே முழுக்க ரத்தம். அதைப் பார்த்துப் பார்த்து மரத்துப் போனவள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். அண்ணனுடைய படத்தைப் பார்த்த அன்று ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட எட்டு வயது பெரியவன், அதனால் உலகத்தில் எல்லாவற்றிலும் எட்டு வயது பெரியவன் என்று நினைப்பு. என்னை அவன் கூப்பிடுவது 'எலிக்காரி'. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது எந்த என்சைமைத் தடுக்கிற மாத்திரை என்று பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கட்டிக்கொண்டு அழுகிற அதே என்சைம்.

அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "ரத்தத்துல ஒரு என்சைம் இருக்குண்ணா. அது ஒரு பொருளைச் செஞ்சு விடும். அந்தப் பொருள் குழாயை இறுக்கும், பிரஷரை ஏத்தும். ரொம்பச் சேந்துட்டா குழாயோட சுவரையே அரிச்சிடும்னு நாங்க நினைக்கிறோம். அதே மாதிரி இன்னொரு என்சைமும் இருக்கு. அது அந்தப் பொருளை உடைச்சுப் போட்டுடும்."

"ஒண்ணு செய்யும், இன்னொண்ணு கெடுக்கும்."

"கெடுக்காது, காப்பாத்தும்."

"செய்யறது அண்ணன், கெடுக்கறது தங்கச்சி. நம்ம வீடு மாதிரிதான்" என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த இரண்டு என்சைம்களுக்கும் அதுதான் பெயர். மாத்திரை போடும்போதெல்லாம் அண்ணியிடம், "அண்ணனை அடக்கியாச்சு" என்பான். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிரிக்காமல் தண்ணீர் டம்ளரை நீட்டுவார்.

ஒரு வருஷம் போனது. ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம் என்று, வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த ஸ்கேன் சென்டரில் அடுத்த ஸ்கேனை எடுத்துக்கொண்டான். அளவு ஐம்பது. ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

எனக்கு வந்த சந்தோஷம் அண்ணன் பிழைத்ததற்கு மட்டும் இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதே மாதம் எங்கள் லேபிலும், அந்த என்சைமைத் தடுக்கிற மருந்து கொடுத்த எலிகளுக்கு வீக்கம் ஏறவில்லை என்று கணக்கு வந்திருந்தது. எலியும் ஒத்துக்கொண்டது, அண்ணனும் ஒத்துக்கொண்டான். சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பாத்தியா? நான் சொன்னேன்ல, நம்ம மாத்திரைதான் நிறுத்தி வச்சிருக்கு" என்றேன். ஒரே ஒரு மனுஷனுடைய இரண்டு அளவுகளை வைத்து யாராவது என்னிடம் இப்படிப் பேசியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அந்தப் பேச்சை நம்பி அண்ணன் ஒரு காரியம் செய்தான். தொலைதூரத்தில் ஒரு சுரங்கத்தில், ஆட்களை இறக்கி ஏற்றுகிற லிஃப்டுக்குப் பொறுப்பாளராகப் போக ஒத்துக்கொண்டான். எட்டு மாத வேலை. அங்கே இருப்பது ஒரு முதலுதவி அறை. ரத்தக்குழாய் டாக்டர் வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். "ஏறலைன்னா போகலாம்" என்று ஆஸ்பத்திரி டாக்டரும் தலையாட்டிவிட்டார். அடுத்த வாரம் கிளம்புவதாக இருந்தான்.

லேபில் என்னோடு வேலை செய்கிறவளை நாங்கள் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவோம். டீயைக்கூட ஆறவிடாமல் குடிக்கிறவள். எனக்குத் தோள் வலி வந்த பிறகு எலிகளை அளக்கிற வேலையை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம், கட்டுரைக்கு நல்லதாக ஒரு படம் தேர்ந்தெடுக்கலாம் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் எலியின் ரத்தக்குழாய் கறுப்பு வட்டமாக இருந்தது, சுற்றிலும் சுவர் வெள்ளைக் கோடாக. அளக்கிறவர்கள் இந்தப் பக்கம் ஒரு கூட்டல் குறி, அந்தப் பக்கம் ஒரு கூட்டல் குறி வைப்போம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும்.

அவள் குறியை வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே வைத்தாள்.

"என்ன இது?"

"என்ன?"

"குறி ஏன் உள்ள இருக்கு?"

"ரத்தம் ஓடற இடத்தைத்தானே அளக்கணும்? உள்ளேருந்து உள்ள. நான் முன்னாடி இருந்த லேப்ல அப்படித்தான்."

"இங்க வெளியேருந்து வெளிய. சுவரையும் சேத்து. அப்ப சுவரை யார் அளப்பாங்க, உன் மாமியாரா?"

அறையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வாயில் சனி. கட்டுரை போச்சு, வருஷம் போச்சு, படிச்சவதானே நீ என்று கண்டபடி கத்தினேன். கத்தும்போதே மனசு கணக்குப் போட்டது. மருந்து கொடுக்காத எலிகளைத் தொடக்கத்திலும் கடைசியிலும் நான் அளந்திருந்தேன். அடுத்து வந்த, மருந்து கொடுத்த எலிகளைத் தொடக்கத்தில் நான், கடைசியில் அவள். தொடக்கத்தில் சுவரோடு, கடைசியில் சுவர் இல்லாமல். அப்படி அளந்தால் வளர்ந்த வீக்கம்கூட வளராத மாதிரிதான் தெரியும்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "யாரும் எனக்குச் சொல்லலையே" என்றாள். உண்மைதான். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நானும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததுதான் முறை என்று அவளும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து உள்ளே அளப்பதும் சரி, வெளியேயிருந்து வெளியே அளப்பதும் சரி. இரண்டையும் கலந்தால்தான் தப்பு.

அந்த இடத்தில்தான் அண்ணனுடைய ஐம்பது ஞாபகம் வந்தது. முதல் ஸ்கேனின்போது நான் அண்ணனோடு ஆஸ்பத்திரி அறைக்குள் இருந்தேன். திரையில் குறி சுவருக்கு வெளியே வைக்கப்பட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ஸ்கேனுக்கு நான் போகவில்லை. லேபில் எலி வேலை இருந்தது.

அவசரத்திடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்கேன் சென்டரில் அளக்கிறவர் ஒல்லியான மனிதர். கையில் இருந்த ஜெல்லைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அண்ணனை ஞாபகம் இருந்தது. "லிஃப்ட் ஜோக்கா சொல்வாரே, அவர்தானே?"

"சார், வயித்து ரத்தக்குழாயை நீங்க எப்படி அளப்பீங்க? குறியை எங்க வைப்பீங்க?"

"உள்சுவருக்கு உள்சுவர் மேடம். எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே அப்படித்தான். ஏன், ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல. நீங்க சரியாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றேன். அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பழைய துணியில் சுற்றி அண்ணன் அடுக்கிக்கொண்டிருந்தான். அண்ணி ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"மறுபடியும் ஆஸ்பத்திரியில ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்ணா. நாளைக்கே."

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றான், ஸ்பானரைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஐம்பது இருந்துச்சு, இப்பவும் ஐம்பது. நீதானே மாத்திரை நிறுத்திடுச்சுன்னு குதிச்சே?"

"நான் சொன்னது தப்பு."

"அப்ப உன் எலி?"

"அதுவும் தப்பு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் தப்பு என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. அவன் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல்தான். "உனக்கு நான் போறது பிடிக்கலை. இந்த வயசுல ஒருத்தன் கூப்பிட்டு வேலை குடுக்கறான். அதைக் கெடுக்கணும். தங்கச்சி வேலை கெடுக்கறதுதானே?"

அண்ணி மடிப்பை விட்டுவிட்டார். எனக்குப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன். "அன்னைக்குச் சாப்பிடறப்போ நீ சொன்னப்ப நான் என்ன கேட்டேன்? நிச்சயமான்னு கேட்டேன். நிச்சயம்னு சொன்னே" என்றார். சத்தம் போடவில்லை. பாடம் நடத்துகிற குரல். "உன்னை நம்பித்தான் இவர் போறதுக்கு நான் சரின்னேன். டாக்டரை நம்பி இல்ல." அவர் அதோடு விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "என்னங்க, உள்விட்டமும் வெளிவிட்டமும் ஒண்ணா? போன வருஷம் வெளிவிட்டம் ஐம்பது. இந்த வருஷம் உள்விட்டம் ஐம்பது. அப்ப வளந்திருக்குன்னு அர்த்தம். எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்."

"நீயும் இவளோட சேந்துட்டியா?"

அவனை வழிக்குக் கொண்டுவர எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. "லிஃப்டைத் தாங்கற கம்பிவடம் ஒண்ணு தேஞ்சிருக்கா, இல்லையான்னு உனக்குச் சந்தேகம்னு வை. ரெண்டு பேர் ரெண்டு விதமா அளந்து வச்சிருக்காங்க. அடுக்குமாடி முழுக்க ஆளுங்க நிக்கறாங்க, மேல போகணும்னு கத்தறாங்க. நீ என்ன பண்ணுவே?"

அவன் ஸ்பானரைத் துணியில் சுற்றத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

"சொல்லுண்ணா."

"லிஃப்டை நிறுத்துவேன்" என்றான் கடைசியில். கையில் இருந்த ஸ்பானரைப் பெட்டிக்கு வெளியே வைத்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மூன்று பேருமே ஸ்கேன் அறைக்குள் போனோம். குறி சுவருக்கு வெளியே போய் நின்றதைப் பார்த்தேன். ஐம்பத்தாறு. அண்ணன், வயிற்றில் ஜெல்லோடு படுத்தபடியே, "போர்டு மாட்டிடுங்க. பழுது, யாரும் ஏறக் கூடாது" என்றான். அளந்த பெண்ணுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சுரங்கத்துக்கு வேறு ஆள் போனார். அண்ணனுடைய குழாய் வளைந்து நெளிந்திருந்ததால், தொடை வழியாக உள்ளே உறை மாட்டுகிற சின்ன வேலை ஒத்துவராது, வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றார் ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா. பழைய குழாய் இருக்கும் இடத்தில் செயற்கைக் குழாயைத் தைத்துவிட்டு, உப்பின சுவரில் ஒரு துண்டை வெட்டி எடுப்பார்கள். அதை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்.

"தாராளமா. என் தங்கச்சிகிட்டயே குடுங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "என் சுவர்ல அண்ணன் எவ்வளவு, தங்கச்சி எவ்வளவுன்னு அளந்து சொல்லு. இந்தத் தடவை ஒழுங்கா அளக்கணும்" என்றான்.

எலியில் தப்பாகப் போனதை மனிதச் சுவரிலாவது சரியாகப் பார்க்க அது ஒரு வழி. மாத்திரை போட்டும் ஏன் வளர்ந்தது? காப்பாற்ற வேண்டிய என்சைம் அந்தச் சுவரில் இருந்ததா, வற்றிவிட்டதா? ஆனால் வெட்டியெடுத்த திசு வெளியில் கிடக்கக் கிடக்க என்சைம் சிதைந்துவிடும். சீக்கிரம் கொண்டுபோய் உறைகுளிர்ப் பெட்டியில் போட வேண்டும். எங்கள் லேப் ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டடம்தான். 'அவசரம்', தானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நான்தான், வேண்டாம், நானே எடுத்து வருகிறேன், நீ அங்கே தயாராக இரு என்றேன். அவளிடம் மன்னிப்பு கேட்டிருந்தேன். அவளும் பரவாயில்லை என்றிருந்தாள். இருந்தாலும் அண்ணனுடைய சுவரை வேறு கையில் கொடுக்க மனசு வரவில்லை.

ஆபரேஷன் அறை வாசலில் அண்ணியும் நானும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். அண்ணி மடியில் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டு இருந்தது. பிரிக்கவே இல்லை. அன்றைய பேச்சுக்குப் பிறகு எனக்கும் அவருக்கும் நடுவில் தேவையான வார்த்தைகள் மட்டும்தான்.

கதவு திறந்தது. பச்சை உடையில் ஒரு நர்ஸ் சின்ன ஐஸ் டப்பாவோடு வந்து, "லேபுக்கு நீங்கதானே?" என்று என் கையில் வைத்தார். மூடி வழியாகப் பார்த்தேன். சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் துணுக்கு. இவ்வளவுதானா என்று இருந்தது. நான் படியை நோக்கித் திரும்பினேன்.

"டாக்டர் எப்ப வெளிய வருவாங்க?" என்று அண்ணி கேட்டார்.

நர்ஸ் ஒரு நிமிஷம் தயங்கினார். "தையல் போட்ட இடத்துல ரத்தம் கசியுதும்மா. பாத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் ரத்தம் கேட்டிருக்காங்க." கதவு சாத்திக்கொண்டது.

விடைத்தாள் கட்டு அண்ணி மடியிலிருந்து சரிந்தது. அவர் குனியவில்லை. என் கையை, டப்பா இல்லாத கையை, பிடித்தார். "நீ போகணும்ல, போ" என்றார். பிடியை மட்டும் விடவில்லை.

அவசரத்தைப் போனில் கூப்பிட்டு, இங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். பிறகு எத்தனையோ தடவை அது தோன்றிவிட்டது. அந்த நேரத்தில் தோன்றவில்லை. காலையில் கூண்டைத் திறக்கிற என் கையும், மூலையில் சுருண்டு கிடக்கிற எலியும்தான் ஞாபகத்தில் இருந்தன. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். டப்பாவை நாற்காலிக்கு அடியில் வைத்தேன். பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. ரத்தப் பையோடு ஒருவர் எங்களைத் தாண்டி உள்ளே ஓடினார். ஒருவரும் வெளியே வரவில்லை. வராண்டா வெயில் எங்கள் காலடிவரை வந்து, பிறகு எதிர்ச் சுவருக்குப் போனது. அண்ணி என் கையைப் பிடித்த இடம் வலித்தது. எடுக்கவில்லை.

டாக்டரம்மா வந்தபோது தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "நின்னுடுச்சு" என்றார். "ஒரு பக்கம் சுவர் காகிதம் மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. சிறுநீரகம் ரெண்டும் களைச்சுப் போயிருக்கு. அது திரும்ப வேலை செய்யுதான்னு ரெண்டு மூணு நாள் பாக்கணும். அப்புறம் ஒண்ணு, இது குடும்பத்துல வரக்கூடியது. கூடப்பிறந்தவங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கணும்." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணி அப்போதுதான் அழுதார். நான் குனிந்து விடைத்தாள்களைப் பொறுக்கினேன். நாற்காலிக்கு அடியில் டப்பாவில் ஐஸ் முழுக்க உருகித் தண்ணீராக நின்றது. குழாயைத் தொட்டுப் பார்த்தேன். என் கைச்சூட்டுக்கு வந்திருந்தது.

மறுநாள் எங்கள் இருவரையும் அவனைப் பார்க்க விட்டார்கள். உடம்பெல்லாம் ஒயர். உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொள்ளவே நேரமானது.

"எலிக்காரி. அளந்தியா?"

"பேசாதண்ணா."

"என் சுவர்ல தங்கச்சி இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். இருந்தது, நிறைய இருந்தது என்றால் சிரித்துக்கொண்டே தூங்கிப்போயிருப்பான். ஒரு தடவை நிச்சயமாகச் சொன்னதன் பலனை ஒயரும் குழாயுமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியலண்ணா. ஐஸ் உருகிடுச்சு. நான் லேபுக்குப் போகல. இங்கயே இருந்துட்டேன்."

"அவ்வளவு பெரிய டாக்டர் வெட்டிக் குடுத்ததை வீணாக்கிட்டியே" என்றான். போர்வைக்கு வெளியே இருந்த விரலை லேசாக அசைத்தான். பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. கட்டில் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையை, அண்ணியைப் போலவே, நானும் அடிக்கடி பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் சேர்ந்திருந்தது.